தாவீதைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்

கடவுள் குறையுள்ள மனிதரையே தம் பணிக்கு அழைக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் ஆதாரக் கருத்துகளில் ஒன்று. பிரசங்க மேடைகளில் அது பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே வரும். நோவா குடித்து வெறித்தார், ஆபிரகாம் மனைவியைச் சகோதரி என்றார், யாக்கோபு தகப்பனை ஏமாற்றினார், மோசே கொலை செய்தார், ராகாப் விலைமகள், தாவீது விபசாரம் செய்தார், யோனா ஓடிப்போனார், பேதுரு மறுதலித்தார், பவுல் சபையைத் துன்புறுத்தினார். தகுதியுள்ளவர்களைத் தேவன் அழைப்பதில்லை, அழைத்தவர்களைத் தகுதிப்படுத்துகிறார் என்ற வாசகத்தோடு பட்டியல் முடியும்; கூட்டம் ஆமென் சொல்லும்.

பட்டியல் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. பழைய வாழ்க்கையின் பாரத்தோடு சபையின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, உனக்கும் இடமுண்டு என்று சொல்ல அது உதவுகிறது. இதை மறுக்க ஒன்றுமில்லை; இதை மறுத்தால் நற்செய்தியில் மிஞ்சுவது எதுவுமில்லை. ஆனால் ஊழியர் ஒருவர் காணிக்கைப் பணத்திலோ பெண்களிடம் நடந்துகொண்ட முறையிலோ அகப்பட்டுக்கொள்ளும்போதும் இதே பட்டியல்தான் வெளியே எடுக்கப்படுகிறது. தாவீதும் விழுந்தார், தேவன் அவரைத் தள்ளவில்லையே, நியாயந்தீர்க்க நீ யார் என்ற கேள்வி கேட்கப்படுகிறது. தமிழ் எழுப்புதல் கூட்டங்களிலும் அமெரிக்க மெகா சபைகளிலும் ஒரே தொனியில் ஒலிக்கும் இக்கேள்வியின் அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. அழைப்பு ஒருமுறை வந்துவிட்டால் குறை அதைத் தொடாது. குறையைச் சுட்டுகிறவர் கிருபைக்கு விரோதி என்பதே அது. இன்று ஏறத்தாழ பொதுப்புத்தியாகவே ஆகிவிட்ட இந்தக் கொள்கை வேதத்திலும் நிற்காது, சபையின் வரலாற்றிலும் நிற்காது.

பட்டியலின் முதல் கோளாறு காலவரிசையில் இருக்கிறது. அழைப்புக்கு முன் நடந்த குற்றங்களும் அழைப்புக்குப் பின் நடந்தவையும் அதில் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. ராகாபின் தொழிலும் பவுலின் துன்புறுத்தலும் முன் நடந்தவை. நோவாவின் போதையும் தாவீதின் விபசாரமும் பின் நடந்தவை. முதல் வகை, தேவன் யாரை அழைக்கிறார் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் வகை சொல்வது வேறு: அழைக்கப்பட்டவர் அழைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதை. மோசே இரண்டு வகையிலும் வருகிறார். ஆகவே அவரிடம் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. எகிப்தியனைக் கொன்று மீதியானுக்கு ஓடிய மோசேயைத் தேவன் முட்செடியிலிருந்து அழைத்தார். அதே மோசே பல ஆண்டுகள் கழித்துக் காதேசில், பேசச் சொன்ன கன்மலையைக் கோலால் அடித்தார். மனிதர் பார்வையில் கொலையோடு ஒப்பிட இது ஒன்றுமே இல்லை. ஆனால் இதற்காகவே கானானுக்குள் நுழையும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே இறந்தார். அழைப்பு குறையின் எடையைக் குறைக்கும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. அழைக்கப்பட்டவர் கையில் சிறு குற்றமும் கனக்கிறது.

இல்லாத குறையைப் பட்டியலில் சேர்ப்பதும் உண்டு. மகதலேனா மரியாள் பாவியான பெண் என்று சுவிசேஷங்கள் எங்கும் சொல்லவில்லை. ஏழு பிசாசுகளிலிருந்து விடுதலை பெற்றவர் என்றே லூக்கா எழுதுகிறார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி தம் மறையுரையில் மூன்று பெண்களை ஒருவராக்கியதன் விளைவு, இன்றுவரை அவர் பெயர் விலைமகள்களின் வரிசையில் நிற்கிறது. ஆண் ஊழியரின் குற்றத்தை மறக்கச் சொல்லும் அதே மேடை, ஒரு பெண் செய்யாததை நூற்றாண்டுக் கணக்கில் நினைவு வைத்திருக்கிறது.

பட்டியலின் நடுநாயகம் தாவீது. எனவே அவர் கதையைச் சற்று நின்று படிக்க வேண்டும். பெத்லகேமில் சாமுவேல் தைலக்கொம்போடு வந்தபோது தாவீது ஆடு மேய்க்கும் சிறுவன். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இருந்த ஒரே குறை, தகப்பன் அவரை வரிசையில் நிறுத்தக்கூட நினைக்காத கடைக்குட்டி என்பதே. தேவன் ஒரு விபசாரக்காரரை அழைத்தார் என்று சொல்வது கதையையே மாற்றிச் சொல்வதாகும். அழைக்கப்பட்டவர் அரியணை ஏறி, படைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு எருசலேமில் தங்கி, மாலையில் அரண்மனை உப்பரிகையில் உலாவியபோது நடந்தது அது. பத்சேபாளை அழைத்துவர அவர் ஆள் அனுப்பினார். அனுப்ப ஆளும், மறுக்க முடியாத அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது அழைப்பினால்தான். அவள் கர்ப்பமானதும் போர்முனையிலிருந்து உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொன்னார். உரியா போகவில்லை, அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டான். கடைசியில், உரியாவைப் போரின் கடுமுனையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்க வேண்டும் என்று யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். தன் மரண ஓலையைத் தானே சுமந்து சென்ற அந்த ஏத்தியனின் பெயர் எந்தப் பிரசங்கப் பட்டியலிலும் வருவதில்லை. மத்தேயு மட்டும் இயேசுவின் வம்ச அட்டவணையிலேயே, சாலொமோனைப் பெற்றவளை உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று குறித்து வைக்கிறார்.

தேவன் தாவீதைத் தள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் தாவீதைத் தட்டிக்கேட்க நாத்தானை அனுப்பியதும் அதே தேவன்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய செல்வந்தன் கதையைச் சொல்லி, அரசன் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்து, அந்த மனிதன் நீதான் என்று நேருக்கு நேர் சொன்னவர் நாத்தான். பிறகு நடந்தவை சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் பாதியை நிரப்புகின்றன: குழந்தையின் மரணம், தாமாரின் சீரழிவு, அம்னோனின் கொலை, அப்சலோமின் கலகம், தகப்பன் வெறுங்காலோடு ஒலிவ மலை ஏறி ஓடிய நாள். விழுந்த ஊழியருக்காகத் தாவீதைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அந்தச் சாட்சியை முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சவுலையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அவரும் அழைக்கப்பட்டவர், அதே சாமுவேலின் கையால் அபிஷேகம் பெற்றவர். அமலேக்கியர் விஷயத்தில் அவர் செய்த தவறு, தாவீதின் கொலையோடு நிறுத்துப் பார்த்தால் இலேசானது என்றே தோன்றும். பிடிபட்டதும் சவுல் முதலில் மறுத்தார், பிறகு ஜனங்கள்மேல் பழி போட்டார், கடைசியில் பாவம் செய்தேன் என்று சொல்லிவிட்டு, மூப்பர்கள் முன்னிலையில் தம்மைக் கனப்படுத்தும்படி சாமுவேலிடம் கேட்டுக்கொண்டார். மன்னிப்பைவிட மேடை அவருக்கு முக்கியமாக இருந்தது. அவரிடமிருந்து அரசு பறிக்கப்பட்டது. அழைப்பு திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற வாதத்துக்கு இதைவிட வெளிப்படையான பதில் வேறில்லை.

இன்னும் தெளிவான உதாரணம் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும். பட்டியலில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் பட்டியல் குலைந்துபோகும். இருவரும் சீலோவில் ஆசாரியர்கள். பலியிட வந்தவர் பானையில் இறைச்சி வேகும்போது இவர்களின் வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தை உள்ளே விட்டு, அதில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் போவான். கொழுப்பைத் தகனிக்குமுன்பே பச்சை இறைச்சி கொடு என்பான், தராவிட்டால் பலவந்தமாய் எடுப்பேன் என்பான். கூடார வாசலில் பணி செய்த பெண்களோடு அவர்கள் சயனித்ததையும் நூல் மறைக்கவில்லை. காணிக்கையும் பெண்களும் என்ற இந்த இரட்டைக் குற்றம் இன்றைய செய்தித்தாளை நினைவூட்டினால் வியப்பில்லை. ஏலி கண்டித்தார், ஆனால் பதவியிலிருந்து விலக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு ஆசாரியத்துவம் என்றைக்கும் நிலைக்கும் என்று முன்பு சொன்ன வாக்கையே தேவன் திரும்பப் பெற்றார். மகன்கள் இருவரும் ஒரே நாளில் போர்க்களத்தில் மாண்டார்கள்.

விமர்சனத்தை அடக்கப் பயன்படும் இன்னொரு ஆயுதம், அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற கட்டளை. அது 105-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் எனப்படுவோர் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சம் பேராய், சொந்த மண் இல்லாமல், தேசம் விட்டுத் தேசம் அலைந்த பரதேசிகள். அவர்களைத் தொடாதே என்று எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். எளியவரை வலியவரிடமிருந்து காக்கச் சொன்ன வாக்கியத்தை, வலியவரை எளியவரின் கேள்வியிலிருந்து காக்கும் வேலியாக மாற்றியது துணிச்சலான திருட்டு. தாவீது சவுலைக் கொல்ல மறுத்த நிகழ்ச்சியும் இதற்குத் துணையாக மேற்கோள் காட்டப்படும். கொல்ல மறுத்தார்தான். ஆனால் எங்கேதிக் குகையிலிருந்து வெளியே வந்து, வெட்டிய சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, இரு தரப்பு ஆட்களும் கேட்கும்படி சவுலின் அநியாயத்தை உரக்கச் சொல்லவும் செய்தார்.

பவுலின் கதையும் மேடையில் பாதியே சொல்லப்படுகிறது. தமஸ்கு வழியில் ஒளி, மறுநாள் பிரசங்கம் என்று ஒரு வேகம் அதில் தெரியும். நூல் தரும் சித்திரம் மெதுவானது. எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பாமல் பயந்தார்கள். பர்னபா பொறுப்பேற்றுப் பேச வேண்டியிருந்தது. அப்படிப் பயந்ததற்காக அவர்களை லூக்கா குறை சொல்லவில்லை. பவுலும் தம் பழைய வாழ்க்கையைக் காட்டி யாரையும் வாயடைக்கவில்லை. சபையைத் துன்புறுத்தியதால் அப்போஸ்தலன் என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று கொரிந்தியருக்கு எழுதினார். மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தாமே தள்ளுபடியாகிவிடலாம் என்ற அச்சத்தையும் அதே நிருபத்தில் பதிவு செய்தார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமோ கண்காணிக்குத் தகுதிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறது: குற்றஞ்சாட்டப்படாதவர், அடிக்காதவர், பண ஆசையில்லாதவர், சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் நற்சாட்சி பெற்றவர். பாவம் செய்கிற மூப்பரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் அது சொல்கிறது. தகுதி பார்ப்பது கிருபைக்கு விரோதம் என்றால் இந்த நிருபமே கிருபைக்கு விரோதம்.

இந்த வாதங்களையெல்லாம் கேட்ட பிறகும், படித்தவர்கள் ஒரு வரலாற்று மறுப்பை முன்வைப்பதுண்டு. ஊழியரிடம் தூய்மையைக் கேட்பது தொனாத்துவாதம், சபை அதை அன்றே கண்டித்தாயிற்று என்பார்கள். இதுவே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பதிலும் விரிவாகவே வேண்டும்.

கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன் கிறிஸ்தவ நூல்களைப் பறித்து எரிக்க ஆணையிட்டான். வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்கு அஞ்சி வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். துன்புறுத்தல் ஓய்ந்தபின் கார்த்தேஜின் ஆயராகச் செசிலியன் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரைத் திருநிலைப்படுத்தியவர்களில் ஒருவரான அப்துங்காவின் பெலிக்ஸ் வேதத்தை ஒப்படைத்தவர், எனவே செசிலியனின் பதவியே செல்லாது என்று ஒரு பிரிவு கிளம்பியது. தொனாத்துவின் பெயரால் அறியப்பட்ட அப்பிரிவு, துரோகியின் கைபட்ட ஞானஸ்நானமும் குருப்பட்டமும் வெறுமை என்றது. பின்னாளில் ஹிப்போவின் ஆயரான அகுஸ்தீன் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் எழுதினார். திருச்சடங்கின் ஆற்றல் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, நடத்துகிறவரின் தகுதியிலிருந்து வருவதில்லை என்பதே அவர் நிலைப்பாடு. 411-இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் கூடி விவாதித்த மாநாட்டில் தீர்ப்பு தொனாத்துவாதிகளுக்கு எதிராக வந்தது.

இந்த நிலைப்பாடு யாரைக் காக்கிறது என்று கேட்டால் விஷயம் விளங்கும். தன் ஆயர் ஒரு மோசடிக்காரர் என்று பிறகு தெரியவந்த ஏழை விவசாயிக்கு, உன் ஞானஸ்நானம் செல்லும், நீ ஏமாறவில்லை என்று அகுஸ்தீனின் இறையியல் சொல்கிறது. ஆயரின் நாற்காலியைப் பற்றி அது எந்த உறுதியும் தரவில்லை. 314-இல் இந்தச் சர்ச்சைக்காகவே கூடிய ஆர்ல் சங்கம் இரண்டையும் ஒரே விதியில் பிரித்து வைத்தது. வேதத்தை ஒப்படைத்தவர் என்று அரசுப் பதிவேடுகளால் நிரூபிக்கப்பட்ட குரு பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஆனால் அவரால் குருப்பட்டம் பெற்றவர்கள் தகுதியுள்ளவர்களானால் அவர்கள் பட்டம் செல்லும். வெறும் வதந்தி போதாது, ஆவணம் வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. தொனாத்துவாதத்தைத் தோற்கடித்த சபை, குற்றவாளியை மேடையில் வைத்திருக்கவில்லை. அந்தச் சபையின் பெயரைச் சொல்லி மேடையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தீர்ப்பின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வாசிக்கிறார்கள்.

நவீன காலத்தில் இந்தப் பேச்சுக்கு அதிகம் துணைக்கு இழுக்கப்படுபவர் ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை இயற்றிய ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல் மாலுமி, புயலில் மனந்திரும்பி, அடிமை வியாபாரத்தை விட்டு, பாடல் எழுதினார் என்பது பரவலான கதை. நடந்தது இவ்வளவு அழகானதன்று. புயல் 1748-இல் வந்தது. அதன் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களை நடத்தினார். மாலுமிகளுக்கு ஞாயிறு வழிபாடு நடத்திய அதே தலைவர், கலகச் சதி என்று சந்தேகம் எழுந்தபோது அடிமைச் சிறுவர்களின் பெருவிரலைத் திருகாணிக் கருவியில் நெரித்து உண்மையை வரவழைத்ததைத் தம் கப்பல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடலை விட்டது மனசாட்சியால் அன்று. திடீரென வந்த வலிப்பு நோயால். 1764-இல் ஓல்னியில் குருவானார். பாடல் 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் தம் சிறு நூலை வெளியிட்டது 1788-இல், புயலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து.

அந்த நூலைப் படிக்கும் எவரும் நியூட்டனைத் தப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது. தம் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஒரு காலத்தில் தாமே இந்தத் தொழிலின் கருவியாக இருந்ததை நினைத்து எப்போதும் வெட்கப்படுவதாகவும் எழுதுகிறார். பின்னர் கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் எப்படி அடுக்கப்பட்டார்கள், பெண்கள் எப்படிச் சூறையாடப்பட்டார்கள் என்ற விவரங்களைச் சாட்சியமாக வைக்கிறார். அந்த நூலின் பிரதிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. விசாரணைக் குழுவின் முன்னும் அவர் வாய்மொழிச் சாட்சி சொன்னார். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த 1807-ஆம் ஆண்டிலேயே அவரும் இறந்தார். கிருபை தம்மைத் தொட்டது என்று பாடிய மனிதர், அந்தக் கிருபையைக் காட்டிக் கேள்விகளை நிறுத்தவில்லை. தம்மேல் வந்திருக்க வேண்டிய கேள்விகளைத் தாமே கேட்டு, பதிலையும் பொதுவில் வைத்தார். அதற்கு அவருக்கு நாற்பது ஆண்டு பிடித்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது. 1946-இல் சென்னையில் பிறந்து, உலகம் முழுவதும் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக வாதாடிய ரவி சக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். அவருடைய நிறுவனமே அமர்த்திய சட்ட அலுவலகத்தின் விசாரணை அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. பல ஆண்டுகளாகப் பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதற்கு அது ஆதாரங்களைத் தந்தது. வெளியே சொன்னால் இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழந்துபோனதற்கு நீயே பொறுப்பாவாய் என்று தம்மை எச்சரித்ததாக ஒரு பெண் கூறியதும் அதில் பதிவாகியிருக்கிறது. மேலே கண்ட கொள்கை நடைமுறையில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த ஒரு மிரட்டல் போதும். அழைப்பின் பெருமை பேசப் பேச, விலை கொடுப்பது எதிரே நிற்கும் பெண்தான். உரியாவுக்குக் கிடைத்த அதே இடம்.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் விழுந்தவர் எழவே முடியாதா, பேதுரு என்ன ஆனார் என்ற கேள்வி வரும். பேதுருவின் கதை இக்கேள்விக்கு நேரான பதில். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பின் அருகே மூன்று முறை மறுதலித்தவரை, கடற்கரையில் மீன் சுடும் கரிநெருப்பின் அருகே இயேசு மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் எழுதுகிறார். காயத்தைத் தொடாத மன்னிப்பு அங்கே கொடுக்கப்படவில்லை. பேதுரு மறுத்தது தம் எஜமானரை என்பதும், மன்னித்தவர் அந்தப் பாதிக்கப்பட்டவரே என்பதும் கவனிக்க வேண்டியவை. வேறொருவருக்கு நேர்ந்த தீங்கைச் சபைக் கமிட்டி கூடி மன்னிப்பதற்கு இந்தக் காட்சியில் இடமில்லை. திரும்ப நிலைநிறுத்தப்பட்ட பிறகும் பேதுருவுக்கு விலக்கு கிடைக்கவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடுவதை அவர் நிறுத்திக்கொண்டபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார்.

குழப்பத்தின் வேர், மன்னிப்பையும் பதவியையும் ஒன்றாக எண்ணுவதில் இருக்கிறது. மன்னிப்பு யாருக்கும் உண்டு, மறுநிமிடமே உண்டு. பதவி பிறருடைய பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்படும் பொறுப்பு; அதை யாரும் கிருபையின் பெயரால் உரிமை கொண்டாட முடியாது. ஆதிச் சபை இந்த வேறுபாட்டைத் தயங்காமல் சட்டமாக்கியது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலர் விதிகளில் இருபத்தைந்தாவது, விபசாரத்திலோ பொய்ச்சத்தியத்திலோ திருட்டிலோ பிடிபட்ட ஆயரும் குருவும் உதவிக்குருவும் பதவி நீக்கம் செய்யப்பட வேண்டும், ஆனால் திருவிருந்திலிருந்து விலக்கப்படக் கூடாது என்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது என்பது அது சொல்லும் காரணம். அந்த விதியின்படி, விழுந்த ஆயர் மறு ஞாயிறு சபைக்கு வரலாம், மற்றவர்களோடு வரிசையில் நின்று அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொள்ளலாம். அவற்றைக் கொடுக்கும் இடத்தில் வேறொருவர் நிற்பார்.